படத்துக்கு முன்னால் பாட்டு வைக்கலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். செவ்வாய்ப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பங்காளிகள், உள்ளூர் நண்பர்கள் என்று 150 பேரைக் கூட்டி எங்கள் பொது வீட்டு வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) 'அந்த நாள்' படத்தைத் திரையிட்டோம். ஏவி.எம். செட்டியார் நம் ஊர்க்காரர். அவர் தயாரித்த அந்தப் படத்துக்கு எங்கள் கூட்டத்தில் மூன்று தலைமுறை ரசிகர்கள் உண்டு. பழைய படம் மட்டும் என்றால் இளவட்டங்கள் வரமாட்டார்கள் என்று, கல்லூரிப் பையன்கள் 6 பேர் சேர்ந்த இசைக்குழுவை முதலில் 45 நிமிடம் வாசிக்கச் சொன்னோம். 6.30-க்குத் தொடங்க வேண்டியது 7.40-க்குத் தொடங்கி 9.20 வரை போனது. ஒரே இரைச்சல். பாட்டு வரி ஒன்றும் புரியவில்லை, பாடிய பையன் சுதி விலகினான். நடுவில் கரண்ட் வேறு போய் 4 நிமிடம் வீணானது. படம் தொடங்கும்போது பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இருந்தவர்களுக்கும் வசனம் சரியாகக் கேட்கவில்லை. 10 மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னதால் ஒலியைக் குறைத்தோம், அதோடு எல்லாம் போயிற்று. பேசிய தொகை 30,000 ரூபாய், பாதி முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுக்கத்தான் வேண்டுமா? சித்திரையில் மறுபடி ஒரு படம் போட ஆசை. இசைக்குழுவே கூடாது என்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

மீதி 15,000 ரூபாயை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் வந்தார்கள், வாசித்தார்கள். போதும் என்று யாரும் சொல்லாததால் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வாசித்தது நன்றாக இல்லை என்பதற்காகப் பணத்தைப் பிடிப்பது நியாயம் இல்லை, அதுவும் அப்படிப் போனதற்குப் பாதிக் காரணம் நம் பக்கம் இருக்கும்போது. நம் பக்கம் என்று நான் சொல்வது கூப்பிட்டவர்கள், மேடை போட்டவர்கள், மைக் செட் வைத்தவர்கள் எல்லாரையும் சேர்த்து. நான் 26 வருடமாக மேடை ஒலி அமைக்கும் வேலையில் இருப்பவன். உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மனசுக்குப் பிடித்த ஒரு படத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அது தொடங்குகிற நேரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்பது பெரிய வேதனை.

வீடியோவை ஹெட்போன் வைத்து முழுசாக இரண்டு தடவை கேட்டேன். டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்குக் கை சுத்தமாக இருக்கிறது. பேஸ் கிட்டார் பையனும் தாளம் தவறவில்லை. அப்புறம் ஏன் இரைச்சல்? முதலில் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டு வளவு சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளாத இடம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்து எடுத்த சுவர். கீழே ஆத்தங்குடிக் கல். சுற்றிலும் வழவழப்பான தூண்கள், தேக்குக் கதவுகள். இந்த மாதிரிப் பரப்பில் போய் மோதுகிற ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உள்ளே போகும், மீதி அப்படியே திரும்பி வரும். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் கொஞ்சம் மேலே போய்விடும். ஆனால் சுற்றுப் பத்திக்குள், அதாவது தாழ்வாரத்துக்குள், நுழைந்த சத்தம் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் பந்து மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். வீடியோவைப் பார்த்தால் மேடையிலிருந்து எதிர்ச் சுவர் சுமார் 60 அடி இருக்கும். போய்த் திரும்ப 120 அடி. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கேட்பதற்குச் சின்ன நேரமாகத் தெரியலாம். ஆனால் 20-ல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் பிந்தி வருகிற ஒலியை நம் காது தனிச் சத்தமாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். வேகமான பாட்டில் டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடி விழுவதற்குள் ஒரு தடவை திரும்பி வந்து குறுக்கே நிற்கும். அந்தப் பையன் ஒன்று அடித்தான், நீங்கள் மூன்று கேட்டீர்கள்.

மேடையில் நின்ற பாடகருக்கும் இதே கதிதான். பாடுகிறவருக்கே அவர் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அவர் முன்னால் இல்லை. தன் குரல் தனக்கு நேராகக் கேட்காமல், எதிர்ச் சுவரில் பட்டுப் பிந்தி வந்த குரலைப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறார். அப்படிப் பாடினால் தேர்ந்த வித்வானுக்கே சுதி நிற்காது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அவர் கைகாட்டக் கைகாட்ட, மைக் செட்காரர் மொத்த ஒலியையும் ஏற்றியிருக்கிறார். மைக் ஊளையிட்டது அதனால்தான். தவறு என்று சொன்னால் எங்கள் தொழிலின் தவறு. மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டிகளை அப்படியே வளவுக்குள் கொண்டுவந்து, அதே அளவில் திருகிவிடுகிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் நானும் அதைச் செய்தேன். காலையில் நாதஸ்வரம் மைக் இல்லாமலே வீட்டின் பின்பக்க மூன்றாம் கட்டு வரை தெளிவாகக் கேட்டது. மாலையில் நாங்கள் பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடப் புரியவில்லை. ஒரு வயதான ஆச்சி என்னிடம் வந்து, "இந்த வீட்டுல சும்மா பேசுனாலே கேக்குமே தம்பி, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெட்டி?" என்றார்கள். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் ஞாபகம் வரும்.

அடுத்து, கரண்ட் போய் 4 நிமிடம் வீணானது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த இடத்தைத் தயவுசெய்து மறுபடி ஒரு தடவை கேளுங்கள். வீடியோவில் 31-ஆவது நிமிடம். விளக்கு அணைகிறது, கீபோர்டு நிற்கிறது, எல்லாரும் பேச ஆரம்பிக்கிறார்கள். ஏதோ ஒரு குழந்தை அழுகிறது. அப்போது புல்லாங்குழல் வாசிக்கும் பையன் மைக்கை விட்டு விலகி, மேடை ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ வாசிக்கத் தொடங்குகிறான். ஒரு நிமிடத்துக்குள் கூட்டம் அடங்கிவிடுகிறது. கைபேசி வெளிச்சத்தில் தலைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்புவது தெரிகிறது. குழல் நிற்கும்போது அதன் கடைசிச் சுரம் தூண்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிக் கரைகிறது. டிரம்ஸைக் குழப்பிய அதே சுவர்தான் குழலுக்கு அழகு சேர்த்தது. அன்றைய இரவிலேயே உங்கள் வளவுக்குப் பொருந்தி வந்த இசை அது ஒன்றுதான். நீங்கள் அதைக் குறைக் கணக்கில் எழுதிவிட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குழுவின் பக்கம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒத்திகை போதவில்லை. பாடகர் கைபேசியைப் பார்த்து வரி படிக்கிறார், அது அவர் முகத்திலேயே தெரிகிறது. பாட்டுக்குப் பாட்டு ஐந்து நிமிடம் பேச்சு. கிட்டாரை மேடையிலேயே சுதி சேர்த்தார்கள், அதுவும் ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு. தேர்ந்தெடுத்த 14 பாட்டில் 11 பாட்டு ஒரே வேகம். ஆனால் என்ன படம் போடப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கூப்பிட்டது ஒரு கச்சேரிக்கு என்று நினைத்து வந்திருக்கிறார்கள், கச்சேரிக்குரிய முறையில் வாசித்திருக்கிறார்கள்.

படத்துக்கு முன்னால் வாசிப்பது கச்சேரி ஆகாது, அது வேறு வேலை. உங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்திருப்பீர்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முதலில் கூட்டத்தைக் கூட்டும். அப்புறம் பபூன் என்கிற கோமாளி வந்து ஆடிப் பாடிச் சிரிக்க வைத்து, உட்காராதவர்களையும் உட்கார வைப்பார். எத்தனை கைத்தட்டல் வாங்கினாலும், ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், திரைக்குப் பின்னாலிருந்து முதல் குரலை எடுத்ததும் பபூன் இடத்தை விட்டுவிடுவார். டூரிங் டாக்கீஸிலும் அப்படித்தான். குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுப் போட்டதும், டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சுற்றுப்பட்டிக்கே தெரியும். அந்தப் பாட்டு முடிவதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆளை அழைத்து வந்து, உட்கார வைத்து, அடுத்து வரப்போவதைப் பார்க்க மனசைத் திருப்பிவிட்டு விலகுவதுதான் முன்னால் வருகிற இசைக்கு வேலை. இதை யாராவது அந்தப் பையன்களுக்குச் சொல்லியிருந்தால் 1 மணி 40 நிமிடம் வாசித்திருக்கமாட்டார்கள்.

அதுவும் இந்தப் படத்துக்கு. 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். அதை இயக்கிய எஸ். பாலச்சந்தர் வீணை வித்வான், நாடறிந்த சங்கீதக்காரர். அவர் 1954-ல், பாட்டை நம்பியே படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே இசை வேண்டாம் என்பதும் தெரியும் என்று நான் நினைக்கிறேன். படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம். ரேடியோ இன்ஜினியரான ராஜன், அதாவது சிவாஜி, செத்து விழுகிறார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து அவரவர் பார்வையில் கதை சொல்லச் சொல்ல, நாம் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுக்கொண்டே போக வேண்டும். காதால் பார்க்கிற படம் அது. அந்தத் துப்பாக்கிச் சத்தம் அமைதிக்குள் விழுந்தால்தான் தூக்கிவாரிப்போடும். முந்தின நிமிடம் வரை டிரம்ஸ் அடி வாங்கிய காதுக்கு அது இன்னொரு அடி, அவ்வளவுதான்.

இதில் மனசு மட்டும் இல்லை, உடம்பும் இருக்கிறது. பலத்த ஒலியைத் தொடர்ந்து கேட்ட காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடும். பட்டாசுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் காது அடைத்த மாதிரி இருக்குமே, அதுதான். மெல்லிய ஒலிகளும் பேச்சின் நுணுக்கமும்தான் முதலில் காணாமல் போகும். இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை வெளியிட்டது. அது கச்சேரிக்கு மேல் எல்லை. படத்துக்கு முன்னால் வைக்கிற இசை அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டிய தேவை இல்லை. உங்கள் வீடியோவில் முன் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே யாராவது எழுந்து போய்க் குறைக்கச் சொல்லியிருக்கலாம்.

வசனம் கேட்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இசைக்குழுவுக்காக பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, ஏற்றி வைத்த அதே இரண்டு பெரிய பெட்டிகளில் படத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். 1954-ஆம் வருடத்துப் படத்தின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிந்தது. அதற்கு மனிதக் குரலைத் தெளிவாகக் கொடுக்கிற ஒரு நல்ல பெட்டி, திரைக்குக் கீழே நடுவில் இருந்தால் போதும். பத்தியில் உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கு அருகில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைக் குறைந்த ஒலியில் வையுங்கள். இந்த மாதிரி வீட்டில் ஒரே இடத்திலிருந்து கத்த வைப்பதைவிட, பல இடத்திலிருந்து மெல்லப் பேச வைப்பதுதான் தெளிவு. பேஸைக் குறைத்துவிட்டு, மத்தியானமே படத்தின் ஒரு வசனக் காட்சியை ஓட்டி, பத்தியின் கடைசி மூலையில் வயதானவர் ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

10 மணி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மற்ற நேரத்துக்கும் காவல் நிலையத்தில் அனுமதி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. படம் 2 மணி 10 நிமிடம் அளவுக்கு ஓடும். 9.30-க்குத் தொடங்கினால் கொலையாளி யார் என்று தெரிகிற இடம் சத்தமே இல்லாத நேரத்தில்தான் வரும். இருந்தவர்களுக்கு அன்றைக்குப் படம் முடிந்ததே தவிர, கதை முடியவில்லை.

அதனால் சித்திரைக்கு வேறு படம் தேடாதீர்கள். இதே படத்தையே மறுபடி போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வெளிவந்ததே 1954 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான். அப்போது பெரிதாக ஓடவில்லை. பாட்டு இல்லையே என்று ஏமாந்து போனவர்கள் அன்றும் இருந்தார்கள். 70 வருடம் கழித்து உங்கள் வளவிலும் அது தோற்றதாக இருக்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆறு பேர் குழு வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம். ஆனால் இசையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஏப்ரலில் உங்கள் பக்கம் சூரியன் மறைய 6.25 ஆகிவிடும். திரை நன்றாகத் தெரிகிற இருட்டு வர ஏழு மணி ஆகும். அந்த இடைவெளியில் ஆட்கள் வந்து உட்கார வேண்டும், குழந்தைகள் ஓடி அலுக்க வேண்டும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் குசலம் விசாரித்து முடிக்க வேண்டும். அதற்கு 25 நிமிட இசை பொருத்தமாக இருக்கும். 6.35-க்குத் தொடங்கி 7 மணிக்கு நிறுத்துங்கள். 7.10-க்குப் படம், 9.20-க்கு எல்லாரும் பலகாரம் சாப்பிடலாம். குழு பிந்தி வந்தால் அவர்கள் நேரம்தான் குறைய வேண்டும், படத்தின் நேரம் நகரக் கூடாது. இதை முதலிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். மேடைக்கு எதிரே கையில் கடிகாரத்தோடு உங்கள் ஆள் ஒருவர் உட்காரட்டும். "இன்னொரு பாட்டு" என்று கேட்கும் பெரியப்பாவுக்குப் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு.

என்ன வாசிப்பது? அந்தக் குழல் பையனையும், கீபோர்டு பையனை ஆர்மோனியத்திலும் உட்கார வையுங்கள். டிரம்ஸ் பையனை விட்டுவிடாதீர்கள், அவனிடம் ஒரு கஞ்சிராவோ கடமோ கொடுத்துப் பாருங்கள், அந்தக் கைக்கு வரும். பாலச்சந்தரை நினைத்து, வீணை வாசிக்கிற ஒருவர் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் சந்தோஷம். வீணை சன்னமான ஒலி, அதற்கு மட்டும் ஒரு சின்ன மைக் வேண்டியிருக்கும். பாட்டு வரிகள் இல்லாத வாத்திய இசையாக இருப்பது நல்லது. வார்த்தைகளைப் படத்துக்கு மிச்சம் வைக்கலாம். வேகமானதை முதலில் வாசித்துவிட்டு, போகப்போக மெதுவாக, சன்னமாகக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள். கச்சேரிக்கு நேர் எதிரான வரிசை இது. பையன்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அதனால் இரண்டு ஒத்திகையாவது அந்த வளவிலேயே நடக்கட்டும்.

மேடைக்குப் பின்சுவரிலும் எதிர்ச் சுவரிலும் ஜமக்காளம் தொங்கவிடுங்கள். விசேஷ வீட்டில் அதற்கா பஞ்சம்? சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். தரையிலும் பாய், ஜமக்காளம் விரித்து முன்பாதிப் பேரைக் கீழே உட்கார வையுங்கள். 150 பேர் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் உடம்பும் உடுப்புமே சத்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அதனால் காலி வீட்டில் கேட்பதைவிடக் கூட்டத்தோடு கேட்பது தெளிவாகவே இருக்கும், பயந்து ஒலியை ஏற்ற வேண்டாம். கலர் விளக்குகளையும் விட்டுவிடுங்கள். கண்ணும் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் எடுக்கும். விளக்குக்கு ஒரு லைன், ஸ்பீக்கருக்கும் புரொஜெக்டருக்கும் தனி லைன் என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துவிட்டால் பழைய வயரிங்கில் கரண்ட் போகும் தொல்லையும் குறையும்.

கடைசியாகப் பையன்கள் விஷயம். பணத்தை ஆள் விட்டு அனுப்பாமல், நீங்களே நேரில் கொடுங்கள். குறை சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். ஒத்திகை இல்லை, நேரம் தவறினீர்கள் என்று நேராகச் சொல்லலாம், அந்த வயதில் அதைக் கேட்டுக்கொள்வார்கள். கூடவே, என்ன படம் என்று சொல்லாமல் விட்டது எங்கள் தவறு என்பதையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவர்களை உட்கார வைத்து 'அந்த நாள்' படத்தை ஒரு தடவை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். அன்றைக்கு அவர்களும் மேடைக்குப் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டிருந்திருப்பார்கள், பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த 4 நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குழல் வாசித்த பையனுக்கு அனுப்பி வையுங்கள். இருட்டில் யார் கேட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.